பழைய காரில் என்ஜின் ஆயில் ஒழுகுகிறதா? வீட்டிலேயே சரிசெய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய காரை வைத்திருப்பவருக்கு, கார் நின்ற இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம் இருப்பது புதிதல்ல. கையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், ஆனால் மெக்கானிக் இல்லை என்கிற ஆளுக்காக எழுதியது இது. அளவுகள் பெரும்பாலான கார்களுக்குப் பொருந்துபவைதான். உங்கள் காரின் சர்வீஸ் மேனுவல் வேறு சொன்னால் அதன்படியே செய்யுங்கள்.

தரையில் கிடப்பது என்ஜின் ஆயில்தான் என்று எப்படித் தெரியும்?

ராத்திரி காரை நிறுத்தியதும் என்ஜினுக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்துவிடுங்கள். அதில் முன்பக்கம் எது, இடது சக்கரம் எங்கே என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் துளி விழுந்த இடமும் தெரியும், நிறமும் தெரியும்.

பழுப்பாகவோ கறுப்பாகவோ, விரலில் தேய்த்தால் வழுவழுவென்று இருந்தால் என்ஜின் ஆயில். சிவப்பு என்றால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலாகவோ பவர் ஸ்டீயரிங் ஆயிலாகவோ இருக்கலாம். பச்சை, ரோஸ், ஆரஞ்சு நிறத்தில் தண்ணீர் போல் இருந்தால் கூலன்ட். மூக்கைச் சுளிக்க வைக்கும் கந்தக வாடை வந்தால் கியர் ஆயில். நிறமும் வாடையும் இல்லாத சுத்தத் தண்ணீர் என்றால் ஏசியிலிருந்து சொட்டியது, விட்டுவிடுங்கள். சக்கரத்தின் உள்பக்கம் வெளிர் மஞ்சளாக ஈரம் தெரிந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கக்கூடும். அதைச் சரிசெய்யாமல் காரை எடுக்கவே கூடாது.

ஒரு நாளைக்கு நாலு சொட்டுதான் விழுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 முதல் 30 துளி சேர்ந்தால் ஏறக்குறைய 1 மில்லிலிட்டர். ஒரு ராத்திரிக்குப் பத்துத் துளி என்றாலும் ஒரு வருடத்தில் 200 மில்லிலிட்டரைத் தாண்டாது. பெரும்பாலான கார்களில் டிப்ஸ்டிக்கின் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே சுமார் 1 லிட்டர் இருக்கிறது. தரையில் விழுவதை மட்டும் வைத்துப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் வண்டி ஓடும்போது எவ்வளவு போகிறது என்று அட்டை சொல்லாது. அதை டிப்ஸ்டிக்தான் சொல்லும். 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை, சமதளமான ஒரே இடத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து அளவு பார்த்து எழுதி வையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் நேரம் கிடைக்கும்போது சரிசெய்துகொள்ளலாம்.

சில இடத்துக் கசிவு மட்டும் காத்திருக்காது. சைலன்சர் மேனிஃபோல்டில் ஆயில் சொட்டிப் புகை வந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. டைமிங் பெல்ட்டில் பட்டால் ரப்பர் ஊறி பெல்ட் அறுந்துபோகலாம். கிளட்சில் பட்டால் கிளட்ச் வழுக்கும். டேஷ்போர்டில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தால் வீடு வரை ஓட்டிப் பார்ப்போம் என்று நினைக்கவே வேண்டாம். அந்த இடத்திலேயே ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிடுங்கள்.

எங்கிருந்து ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

வேலையில் முக்கால்வாசி இதுதான். பாகத்தை மாற்றுவதெல்லாம் மீதிக் கால்வாசி.

நான் முட்டாள்தனம் செய்த கதையைச் சொல்லிவிடுகிறேன். என் காரில் சம்ப்பின் (என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஓரத்தில் துளி தொங்கும். அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கும் எட்டிப் பார்த்துவிட்டு, "சம்ப் கேஸ்கெட்தான்" என்றார். நானும் கேஸ்கெட் (இரண்டு பாகத்துக்கு இடையே கசியாமல் அடைக்கும் பட்டை) வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டிக்கு அடியில் படுத்து, இருபதுக்கும் மேற்பட்ட போல்ட்டைக் கழற்றி மாட்டினேன். மறுநாள் காலையில் பார்த்தால் அதே இடத்தில் அதே துளி. அப்புறம்தான் என்ஜினைக் கழுவினேன். கழுவி, ஓடவிட்டு, டார்ச் அடித்தபோது ஆயில் ஃபில்டருக்கு மேலே இருந்த, ஆயில் அழுத்தத்தைக் கண்காணிக்கும் பிரஷர் சுவிட்சின் பிளாஸ்டிக் தலையிலிருந்து மெல்லிய கோடாக ஆயில் இறங்குவது தெரிந்தது. பிளாக்கின் ஓரமாக வழிந்து, சம்ப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து, அதன் தாழ்ந்த மூலையில் வந்து சொட்டியிருக்கிறது. சுவிட்சை மாற்றப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அதனால் முதலில் கழுவுங்கள். என்ஜின் கை வைக்கும் சூட்டில் இருக்கும்போது பிசுக்கைக் கரைக்கும் டிகிரீசர் அடித்து, பிரஷ்ஷால் கிளறிவிட்டு, மெதுவாக விழும் நீரில் அலசுங்கள். ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், காற்று போகும் வழி, வயர் கனெக்டர்கள் மேலெல்லாம் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொள்ளுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், தண்ணீர் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போகும். நன்றாகக் காய்ந்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடவிட்டுப் பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து மறுபடி பாருங்கள்.

ஆயில் கீழ்நோக்கி இறங்கும், ஓடும்போது அடிக்கும் காற்று அதைப் பின்பக்கம் தள்ளும். ஆகவே ஈரமான இடங்களிலேயே மிக உயரத்தில், மிக முன்னால் இருப்பது எது என்று தேடுங்கள். சொட்டும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் நான் ஏமாந்த மாதிரி ஏமாறுவீர்கள். கண் எட்டாத இடத்துக்கு ஃபோனை உள்ளே நீட்டி, விளக்கைப் போட்டு வீடியோ எடுக்கலாம். என்ஜினின் பின்பக்கத்தை நான் இப்படித்தான் பார்க்கிறேன். சந்தேகப்படும் இடத்தில் முகப்பவுடர் தூவி வைத்தால், ஆயில் வந்த தடம் கறுப்புக் கோடாகத் தெரியும். அதற்கும் பிடிபடாவிட்டால் ஆயிலில் கலக்கும் புற ஊதாச் சாயம் இருக்கிறது. கொஞ்சம் ஊற்றி ஓட்டிவிட்டு, இருட்டில் அதற்கான விளக்கை அடித்தால் கசிவு மஞ்சள் பச்சையாக ஒளிரும்.

ஓடும்போது மட்டும் ஒழுகுகிறது, நின்றால் நின்றுவிடுகிறது. ஏன்?

நல்ல தடயம் இது. ஆயில் என்ஜினுக்குள் இரண்டு விதமாக இருக்கிறது. பம்ப் அழுத்தத்தோடு தள்ளும் பாதையில், என்ஜின் சூடாக இருக்கும்போது ஐடிலில் சுமார் 1 பார், ஓடும்போது 3, 4 பார் வரை அழுத்தம் இருக்கும். ஃபில்டர், பிரஷர் சுவிட்ச், ஆயில் கூலர் இருந்தால் அதன் இணைப்புகள், டர்போவுக்குப் போகும் குழாய் எல்லாம் இந்தப் பாதையில் வரும். இங்கே கசிந்தால் ஓடும்போது கண்ணெதிரே பெருகும், சில சமயம் பீய்ச்சவே செய்யும். அணைத்தால் நின்றுவிடும். டிப்ஸ்டிக்கும் வேகமாக இறங்கும்.

டேப்பெட் கவர் (என்ஜினின் மேல் மூடி), கேம் சீல், கிராங்க் சீல் (சுழலும் ஷாஃப்ட்களைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்கள்) பக்கமெல்லாம் ஆயில் தெறித்து வழிவதோடு சரி, அழுத்தம் இல்லை. மெதுவாகக் கசிந்து பிசுக்காகப் படியும். சம்ப் கேஸ்கெட்டும், ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் பிளக்கும் தேங்கி நிற்கும் ஆயிலை ஒட்டி இருப்பதால், வண்டி மூன்று நாள் சும்மா நின்றாலும் சொட்டிக்கொண்டே இருக்கும்.

ஆயில் மாற்றிய மறுநாளே ஒழுக ஆரம்பித்துவிட்டது.

அப்படியானால் ஆயில் மாற்றும்போது கை பட்ட இடங்களை மட்டும் பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புது ஃபில்டரை மாட்டிவிடுவது ரொம்ப சகஜம். இரண்டு ரப்பர் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது. அழுத்தம் ஏறியதும் பிதுங்கி, சில நிமிடத்தில் ஆயில் மொத்தமும் வெளியே போய்விடக்கூடும். ஃபில்டரைக் கழற்றினால் பழைய வளையமும் கூடவே வந்ததா என்று பார்த்துவிடுங்கள். புதியதன் ரப்பரில் விரலால் ஆயில் தடவி, கையால் சுற்றி, ரப்பர் பிளாக்கைத் தொட்டதும் மேலும் முக்கால் சுற்று. அதற்கு ஸ்பேனர் தேவையில்லை.

அடுத்தது டிரெயின் பிளக்கின் வாஷர். செம்பு அல்லது அலுமினிய வாஷர் நசுங்கித்தான் அடைக்கிறது. ஒரு முறை நசுங்கியது மறுமுறை ஒழுங்காக அடைக்காது. புதிது போடுங்கள். ஒழுகுகிறதே என்று பிளக்கை மேலும் மேலும் முறுக்கினால் அலுமினிய சம்ப்பின் மரை போய்விடும். மரை போனால் பெரிய சைஸ் பிளக்கோ, உள்ளே கம்பிச்சுருள் மரையோ போட வேண்டி வரும். சின்ன வாஷரில் முடிந்திருக்க வேண்டியது அது.

டேப்பெட் கவர் கேஸ்கெட்டை நானே மாற்றலாமா?

தாராளமாக. பழைய கார்களில் அதிகமாக ஒழுகும் இடமும் இதுதான், வீட்டில் செய்யப் பழக ஏற்ற வேலையும் இதுதான். வண்டிக்கு அடியில் போகவே வேண்டாம்.

என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். கவரைத் தூக்குவதற்கு முன்னால் அதைச் சுற்றியுள்ள மண்ணையும் தூசியையும் பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் திறந்ததும் அத்தனையும் கேம் ஷாஃப்ட் மேலே விழும். பிளக் வயர்களுக்கு எண் எழுதிய டேப் ஒட்டி, ஃபோட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். கவரில் மாட்டியிருக்கும் பிரீதர் குழாயை நேராக இழுக்காதீர்கள். வருடக்கணக்கில் சூட்டில் வெந்த ரப்பர் அது, உடைந்து கையோடு வரும். முதலில் மெதுவாகத் திருகி இளக்கி, பிறகு உருவுங்கள்.

போல்ட்களை வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கவர் ஒட்டிக்கொண்டிருந்தால் பக்கவாட்டில் ஒரு மரக்கட்டையை வைத்துத் தட்டினால் விட்டுவிடும். ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் செருகி நெம்பினால் அலுமினியத்தில் கீறல் விழும், அந்தக் கீறல் வழியாகவே பிறகு ஒழுகும்.

பழைய கேஸ்கெட்டை வளைத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி வளையாது, பிளாஸ்டிக் மாதிரி டக்கென்று ஒடியும். ஒழுகியதற்குக் காரணம் கையிலேயே கிடைத்துவிட்டது. கவரின் பள்ளத்தைப் பழைய டூத்பிரஷ்ஷும் பிரேக் கிளீனரும் கொண்டு சுத்தம் செய்யுங்கள். ஹெட்டின் (கவர் உட்காரும் என்ஜின் பகுதி) மேல் விளிம்பைப் பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்டி, துணியால் துடையுங்கள். உள்ளே குப்பை விழாமல் இருக்கத் துணியைத் திணித்தால் எத்தனை துணி வைத்தோம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், ஒன்றை உள்ளேயே வைத்து மூடிய ஆட்கள் உண்டு.

ஸ்பார்க் பிளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் அந்தக் குழாய்களின் சீல்களையும் சேர்த்தே மாற்றுங்கள். மறுபடி ஒரு முறை இதையெல்லாம் கழற்ற யாருக்கும் பிடிக்காது. தகரக் கவர் என்றால் இன்னொன்றும் பாருங்கள். முன்பு யாராவது போட்டு முறுக்கியிருந்தால் போல்ட் துளைகளைச் சுற்றித் தகரம் குழிந்திருக்கும். கவரைத் தட்டையான கட்டையில் வைத்து அந்த மேடுகளைத் தட்டிச் சமப்படுத்தினால்தான் புது கேஸ்கெட் ஒழுங்காக உட்காரும்.

மாட்டும்போது புது ரப்பர் கேஸ்கெட்டைக் காய்ந்த பள்ளத்தில் சுற்றிலும் அமுக்கி உட்கார வையுங்கள். கவரைக் கவிழ்த்து வைத்ததும் விரலை விளிம்பில் ஓட்டி, எங்காவது கேஸ்கெட் வெளியே பிதுங்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பின்மூலையைக் கட்டாயம் பாருங்கள், நழுவினால் அங்கேதான் நழுவும். போல்ட்களை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி இரண்டு மூன்று தடவையாக இறுக்க வேண்டும். பெரும்பாலும் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் சின்ன ராட்செட்டைத் தலைப்பக்கம் பிடித்து மணிக்கட்டால் மட்டும் இறுக்குங்கள். முழுக்கையின் பலத்தைக் காட்டினால் போல்ட் ஒடியும் அல்லது கேஸ்கெட் பிதுங்கும்.

சிலிகான் பேஸ்ட் சுற்றிலும் போட்டுவிட்டால் கேஸ்கெட்டே வேண்டாமே?

கேஸ்கெட்டே இல்லாமல் பேஸ்ட்டை மட்டும் வைத்து அடைக்கும்படி வடிவமைத்த சம்ப்கள் இருக்கின்றன. அங்கே அது சரி. கேஸ்கெட் உள்ள இடத்தில் அதற்குப் பதிலாகப் பேஸ்ட்டைப் பூசுவது வேறு கதை. வெளியே பிதுங்கும் பேஸ்ட் கண்ணில் படுகிறது. அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும், அது படுவதில்லை. உள்ளே பிதுங்கியது பிய்ந்து விழுந்து சம்ப்புக்குள் இருக்கும் வடிகட்டியை அடைத்தால் ஆயிலே ஏறாது. ஒழுகலைச் சரிசெய்யப் போய் என்ஜினையே ஜாம் ஆக்கிக்கொண்டதாகிவிடும்.

டேப்பெட் கவரில் பேஸ்ட் தேவைப்படும் இடம் கொஞ்சம்தான். ஹெட்டில் அரைவட்டமாக வரும் மூலைகள், கேம் மூடியோ டைமிங் கவரோ ஹெட்டைச் சந்திக்கும் இணைப்புக்கோடு. அங்கே மட்டும் ஒரு பொட்டு. இரண்டு பக்கமும் ஆயில் பிசுக்கே இல்லாமல் துடைத்துவிட்டு வையுங்கள். மேல்தோல் காய்வதற்குள் மாட்டிவிட வேண்டும், முழுக்க இறுக 24 மணி நேரம் ஆகும். அதற்குள் ஸ்டார்ட் செய்தால் வைத்ததே வீண்.

கேஸ்கெட் எல்லாம் மாற்றினேன், இப்போது வேறு இடத்தில் ஒழுகுகிறது!

என்ஜின் மூச்சு விட முடியாமல் திணறுகிறதா என்று பாருங்கள். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எப்போதும் கொஞ்சம் வாயு கிராங்க் கேஸுக்குள் இறங்கும். அது வெளியேறத்தான் பிரீதர் குழாயும் பிசிவி வால்வும். அவை கசடு படிந்து அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும், ஏறிய அழுத்தம் எந்த சீல் பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். அதை அடைத்தால் அடுத்த பலவீனமான இடம். ஒரே சமயத்தில் மூன்று நாலு இடத்தில் ஒழுகினாலும் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

என்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயின்மேல் ஒரு மெல்லிய காகிதத்தை வையுங்கள். பிசிவி ஒழுங்காக உள்ள பெட்ரோல் என்ஜினில் காகிதம் லேசாக உள்ளே இழுபடும். மேலே தள்ளப்பட்டுப் படபடத்தால் வால்வைக் கழற்றி ஆட்டிப் பாருங்கள். பல கார்களில் உள்ளே டக் டக்கென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் மாற்றுங்கள், குழாய்களையும் சுத்தம் செய்யுங்கள். இரண்டும் நன்றாக இருந்தும் வாயு குபுகுபுவென்று வந்தால் ரிங்குகள் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது கேஸ்கெட்டுக்குச் செலவு செய்து பயனில்லை.

கிராங்க் முன் சீலும் பின் சீலும் வீட்டில் முடியுமா?

முன் சீல் முடியும், பொறுமை இருந்தால். கிராங்க் புல்லியைக் கழற்ற வேண்டும், அதன் போல்ட் லேசில் விடாது. பல என்ஜின்களில் இந்த சீலுக்குப் போகவே டைமிங் பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். பெல்ட்டின் குறிகளைச் சேர்த்து மாட்டத் தெரியாவிட்டால் அந்த வேலையை விட்டுவிடுங்கள். ஒரு பல் தவறினாலும் என்ஜின் ஒழுங்காக ஓடாது, நிறையத் தவறினால் சில என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். ஆயிலில் ஊறிய பெல்ட்டைத் துடைத்து மறுபடி மாட்டாதீர்கள், புதிது போடுங்கள். புது சீலின் உதட்டில் ஆயில் தடவி, சீலின் அளவுக்கு ஏற்ற குழாய்த் துண்டை வைத்து நேராகத் தட்டி இறக்க வேண்டும். ஷாஃப்ட்டில் நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுப்படுகிறதென்றால் பழைய சீல் அங்கே தடம் பதித்துவிட்டது. புது சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள்.

பின் சீலுக்கு கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அதற்கான ஜாக்கும் துணைக்கு ஆளும் இல்லாமல் இறங்காதீர்கள். என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டியதும் "பின் சீல் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டேப்பெட் கவரின் பின்மூலை, டிஸ்ட்ரிபியூட்டரின் ரப்பர் வளையம், கேம் ஷாஃப்ட்டின் பின்மூடி, எதில் கசிந்தாலும் வழிந்து வந்து சேரும் இடம் அதுதான். கந்தக வாடை அடித்தால் கியர்பாக்ஸின் சீலாகவே இருக்கலாம். உண்மையிலேயே பின் சீல்தான் என்றால், இறக்கும்போதே கிளட்ச்சையும் பார்த்து மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

ஒழுகலை நிறுத்தும் மருந்தை ஆயிலில் ஊற்றலாமா? கெட்டி ஆயில்? சிந்தெடிக்?

அந்த மருந்து, காய்ந்து இறுகிய ரப்பர் சீலை ஊறவைத்துக் கொஞ்சம் மிருதுவாக்கும், அவ்வளவுதான். கிழிந்த சீல், ஒடிந்த கேஸ்கெட், தளர்ந்த போல்ட் எதற்கும் அது உதவாது. கியர்பாக்ஸை இறக்கும் செலவுக்குத் தகாத பழைய வண்டியில், மெதுவாகக் கசியும் பின் சீலுக்கு ஒரு முறை முயலலாம். பலன் தெரியச் சில நூறு கிலோமீட்டர் ஆகும். என்ஜின் ஆயிலில் பிரேக் ஆயில் கலக்கும் கைவைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம். ரப்பரை ஊதவைக்கும்தான், ஆயிலையும் சேர்த்துக் கெடுக்கும்.

மேனுவல் அனுமதிக்கும் எல்லைக்குள் ஒரு படி கெட்டியான ஆயில் போட்டால் கசிவு சற்றுக் குறையலாம், நிற்காது. சிந்தெடிக் போட்டதால் சீல் கெட்டது என்பது பழைய பயம். ஏற்கெனவே செத்துப்போன சீலைக் கசடுதான் அடைத்துக்கொண்டிருந்தது, புது ஆயில் அதைக் கழுவிவிட்டது என்பதே பல சமயம் நடப்பது.

தரையில் ஒரு துளி இல்லை, ஆனால் ஆயில் குறைகிறது.

பெரும்பாலும் அது எரிகிறது. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதித்ததும் பின்னால் நீலப் புகை வந்தால் வால்வ் சீல் மேல் சந்தேகம். ஏற்றத்தில் இழுக்கும்போது விடாமல் வந்தால் ரிங். கூலன்ட் டப்பாவில் பால் கலந்த மாதிரி பிசுக்கு மிதந்தால் ஹெட் கேஸ்கெட்டையோ ஆயில் கூலரையோ பார்க்க வேண்டும்.

வண்டிக்கு அடியில் போகும் முன்?

கெட்டியான சமதளம், பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, ஹேண்ட் பிரேக். ஜாக் தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இரண்டு ஜாக் ஸ்டாண்ட். செங்கல் வேண்டாம், திடீரென்று நொறுங்கிவிடும். உள்ளே போகும் முன் காரை இரு கையாலும் பலமாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் மறுபடி முதலிலிருந்து.

வடித்த ஆயிலை என்ன செய்வது?

புது ஆயில் வந்த டப்பாவிலேயே ஊற்றி, கழிவு ஆயில் வாங்குபவர்களிடம் கொடுங்கள். கூலன்ட்டோ பெட்ரோலோ கலந்துவிடாதீர்கள், கலந்தால் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துவது கடினம். சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. தரையில் சிந்தியதன்மேல் மரத்தூளைத் தூவி, காலால் தேய்த்து, மறுநாள் கூட்டி எடுங்கள்.

எல்லாம் முடித்தும் மறுநாள் ஒரு துளி விழுந்திருக்கிறது. வேலை வீணா?

அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். பழைய ஆயில் அடித்தட்டிலும் போல்ட் இடுக்குகளிலும் தேங்கியிருக்கும், சூடேறியதும் அதுவே இறங்கி வரும். இன்னொரு முறை கழுவிவிட்டு, புது அட்டையில் தேதி எழுதி விரியுங்கள். ஒரு வாரம் தினம் பாருங்கள். துளிகள் குறைந்துகொண்டே வந்தால் மிச்சம் வடிகிறது. அதே அளவில் தினமும் விழுந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலிருந்து மறுபடி தேட வேண்டியதுதான்.